கூடத்து டிவியும் பின்னறைக் கணினியும்

கிள்ளான்,
12 ஜனவரி 2025

அன்புள்ள லோகேஸ்,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம், தொடங்கிவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டபிறகு கையெழுத்துப் போடுவதற்குத் தவிர நான் பேனாவைத் தொட்டதில்லை. தபால் தலை எங்கே வாங்குவது என்று துறைமுகத்தில் கேட்டேன், கொள்கலன் யார்டில் இருந்த பையன்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். எல்லாம் புவான் வீரம்மாவால் வந்தது. சமரசக் குழுவில் உட்கார்ந்து எத்தனையோ ஜோடிகளைப் பார்த்திருப்பார். ஏன் பிரிந்து இருக்கிறீர்கள் என்று நம்மைக் கேட்டார். நான் ‘கம்ப்யூட்டர்’ என்றேன். அதே மூச்சில் நீ ‘டிவி’ என்றாய். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னது உனக்கும் நினைவிருக்கும்.

“போன்ல பேசுனா ரெண்டு பேரும் கத்துறீங்க. இந்த டிவி, கம்ப்யூட்டர் சண்டைய மட்டும் எடுத்துக்குங்க. கடிதத்துல எழுதி முடிங்க. வேற எதையும் உள்ள இழுக்காதீங்க. மார்ச் நாலாந்தேதி வாங்க.”

அன்றைக்கும் ஒத்துப்போகாவிட்டால் விவகாரம் கோர்ட்டுக்குப் போய்விடும். எனக்கு அது வேண்டாம் என்று அங்கேயே சொன்னேன். நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய்.

சரி, சண்டைக்கு வருகிறேன். அறுபத்தைந்து அங்குல டிவி. சோபாவில் சாய்ந்து, காலை நீட்டி, கையில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு ஆடினால் அதுதான் விளையாட்டு. கன்சோலில் வட்டைப் போட்டால் ஓடும். உன் கணினியைத் திறந்தால் முதலில் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், அப்புறம் கிராபிக்ஸ் அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லும், அதற்குள் என் ஆசையே போய்விடும். அதன் விசிறிச் சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும். அந்த இருபத்தேழு அங்குலத் திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, படம் இதில்தான் நன்றாக இருக்கிறது என்று நீ சொல்வாய். இருக்கட்டும். ஒரே வீட்டில் புருசன் கூடத்திலும் பெண்டாட்டி பின்னறையிலும் விளையாடுவது என்ன குடித்தனம்? டிவி முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். கணினி முன்னால் ஒருத்தர்தான். எனக்குத் தெரிந்து வித்தியாசம் இவ்வளவுதான்.

உன் கறிவேப்பிலைச் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியும் வாடுகிறது.

பதில் எழுது.

தனேஷ்


பிரிக்பீல்ட்ஸ்,
18 ஜனவரி 2025

அன்புள்ள தனேஷுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. கறிவேப்பிலைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேர் அழுகுகிறது. இதை நான் வீட்டில் இருக்கும்போதே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

டிவி பெரியது என்கிறீர்கள். பெரியது வேறு, நல்லது வேறு. சமையலறை அலமாரிகளைக் கணினியில் வரைந்து, வெளிச்சமும் நிழலும் சேர்த்து வாடிக்கையாளருக்குக் காட்டுவதுதான் என் வேலை. நிழல் பொய்யாக இருந்தால் என் கண்ணுக்கு உடனே தெரியும். உங்கள் டிவியில் புல் பச்சைச் சாயத்தில் முக்கி எடுத்தது போல இருக்கும். ஆட்டக்காரர்களின் முகம் தக்காளி நிறம். ஓடும்போது ஏதோ வழுக்கிக்கொண்டு போவது மாதிரி போவார்கள். என் திரையில் மரத்துக்கு இலை இருக்கிறது, இலைக்கு நரம்பு இருக்கிறது. காற்றடித்தால் ஒவ்வொன்றும் தனியாக ஆடும். கையை அசைத்தால் அசைத்த கணத்தில் திரையிலும் அசையும். இது மூக்கை இடித்துக்கொண்டு பார்த்தால்தான் தெரிகிறது என்றால் இடித்துக்கொண்டே பார்க்கிறேன்.

வேறு எதையும் இழுக்கக்கூடாது என்று புவான் வீரம்மா சொன்னார். ஆனால் இது டிவி விசயம்தான், அதனால் எழுதுகிறேன். போன அக்டோபரில் ஆயுத பூசைக்கு நீங்கள் டிவிக்குப் பொட்டு வைத்தீர்கள். கன்சோலுக்கு வைத்தீர்கள். உங்கள் மோட்டார் சைக்கிளுக்கும் என் மிக்ஸிக்கும் வைத்தீர்கள். சந்தனக் கிண்ணத்தோடு பின்னறை வாசல் வரைக்கும் வந்து, “இது விளையாட்டு சாமான்தான லா” என்று திரும்பிப் போய்விட்டீர்கள். அந்தக் கணினியில்தான் நான் சம்பாதிக்கிறேன். உங்கள் கன்சோல் என்ன, துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறதா?

டிவி முன்னால் இரண்டு பேர் உட்காரலாம் என்பது உண்மை. நானும் உட்கார்ந்தேன். கல்யாணமான புதிதில் ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் உட்கார்ந்தேன். அதனால் எனக்கு என்ன கிடைத்தது என்று நினைத்துப் பார்த்து எழுதுங்கள்.

இங்கே என் அறை ஜன்னலுக்குக் கீழே மோனோரயில் போகிறது. பழகிவிட்டது.

லோகேஸ்வரி


கிள்ளான்,
25 ஜனவரி 2025

அன்புள்ள லோகேஸ்,

பொட்டுக்கெல்லாம் ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா? தீபாவளி முடிந்த கையோடு நீ லோரி வைத்துக் கணினியை ஏற்றிக்கொண்டு போனபோது, என் அம்மா ஏதாவது சொல்லிவிட்டாரோ என்று நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவர் ரவாங்கில் இருந்துகொண்டு என்னத்தைச் சொல்ல முடியும்?

டிவியின் நிறத்தைக் குறை சொல்கிறாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய்த்தான் அதை வாங்கினோம். கடையில் வரிசையாக இருந்ததில் அதுதான் பளிச்சென்று இருந்தது. அங்கே ஓடிக்கொண்டிருந்த அதே டிவியைத்தான் கேட்டு வாங்கினேன். மாட்ட வந்தவன் ஏதேதோ மாற்றுகிறேன் என்றான். கையை வைக்காதே, கடையில் இருந்த மாதிரியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். யாரும் கை வைத்துவிடக் கூடாது என்றுதான் ரிமோட்டில் மெனு பொத்தான் மேல் டேப் ஒட்டினேன். ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள்.

என்ன கிடைத்தது என்று கேட்டாய். ‘லேட் லோகேஸ்’ என்று நான் சொன்னதைத்தானே சொல்ல வருகிறாய்? அது கேலி. புருசன் பெண்டாட்டியைக் கேலி செய்யக்கூடாதா? அந்தப் பேட்மிண்டன் ஆட்டத்தில் இறகுப்பந்து தரையில் விழுந்தபிறகுதான் நீ மட்டையை வீசுவாய். ஒரு தடவை இல்லை, எப்போதும். நிஜத் திடலில் பள்ளிக்கூடத்துக்காக ஆடிக் கிண்ணம் வாங்கியவள், டிவியில் ஒரு பந்தைத் தொட மாட்டாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? என் கூட்டாளிகள் கிஷனும் திருச்செல்வமும் சிரித்தது உன் மேல் இருக்கிற பிரியத்தில். இப்போதும் சனிக்கிழமை வந்தால் உன்னை விசாரிக்கிறார்கள்.

டிவி எல்லாருக்கும் ஒரே டிவிதான். எனக்கு ஒரு மாதிரியும் உனக்கு ஒரு மாதிரியுமா காட்டும்?

செடிக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டேன்.

தனேஷ்


பிரிக்பீல்ட்ஸ்,
1 பிப்ரவரி 2025

தனேஷுக்கு,

பிரியத்தில் சிரித்தார்களாம்.

ஒரு சனிக்கிழமை நான் சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். “லோகேஸ், சீக்கிரம் வா, உன்ன டிவியில காட்டுறோம்” என்று கூப்பிட்டீர்கள். ஈரக் கையோடு வந்தேன். முந்தின வாரம் நான் தோற்ற ஆட்டங்களை எல்லாம் கன்சோலில் சேமித்து வைத்திருந்தீர்கள். நான் காற்றில் மட்டையை வீசுகிற இடத்தை மட்டும் வெட்டி ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டீர்கள். கிஷன் சோபாவிலிருந்து கீழே விழுந்து சிரித்தார். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து போட்டீர்கள். அன்றைக்குப் பின்னறைக்குப் போனவள்தான். அடுத்த வாரமே நீங்கள் தேடி வருவீர்கள் என்று நினைத்தேன். கணினியில் படம் நன்றாக இருக்கிறது, நான் இங்கேயே ஆடுகிறேன் என்றேன். நீங்கள் அதை அப்படியே நம்பினீர்கள். இன்றுவரை கிராபிக்ஸ் பற்றித்தான் என்னோடு சண்டை போடுகிறீர்கள்.

கிராபிக்ஸ் என்னுடையதுதான் நன்றாக இருக்கிறது. அது வேறு.

எனக்கும் அந்த மட்டை ஏன் தாமதமாக வீசுகிறது என்று புரியவில்லை. கண்ணில் கோளாறோ என்று நானே பயந்து, உங்களுக்குத் தெரியாமல் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டு வந்தேன். கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். பின்னறையில் அதே ஆட்டத்தைக் கணினியில் போட்டு ஆடினேன். ஒரு பந்துகூடத் தவறவில்லை. அதை உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்கிறேன். பித்தளைக் குடம் சாமி மேடைக்குக் கீழே இருக்கிறது. எட்டாம் தேதி சனிக்கிழமை காலையில், நீங்கள் வேலையில் இருக்கும் நேரம் வந்து எடுத்துக்கொள்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

லோகேஸ்வரி


கிள்ளான்,
13 பிப்ரவரி 2025

லோகேஸ்,

குடத்தை எடுக்க வருகிறேன் என்று எழுதினாயே, என் டிவியை என்ன செய்தாய்?

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தேன். கூட்டாளிகளும் வந்துவிட்டார்கள். டிவியைப் போட்டால் படம் சோறு வடித்த கஞ்சி மாதிரி வெளிறிப்போய் இருக்கிறது. மெனு பொத்தான் மேல் இருந்த டேப்பைக் காணோம். அது போகட்டும், நிறத்தைச் சகித்துக்கொண்டு ஆடினால் பந்தை அடிக்க முடியவில்லை. நான் மட்டையை வீசி முடித்த பிறகு பந்து ஆடி அசைந்து வருகிறது. திருச்செல்வம் கன்ட்ரோலரை இன்னமும் டுரியான் பழத்தைப் பிடிக்கிற மாதிரிதான் பிடிப்பார். அவரிடம் நான் தோற்றேன். ஒன்றுக்குமே ஆகாத மாதிரி தோற்றேன். கிஷன், “பாஸ், என்ன ஆச்சு, வயசாயிருச்சா?” என்று கேட்டுவிட்டு என்னைப் போனில் படம் பிடித்தான். நிறுத்து என்றேன், நிறுத்தவில்லை. நம் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் அதைப் பார்த்திருப்பார்கள்.

ஐந்து நாளாக வேலை விட்டு வந்ததும் ஆடிப் பார்க்கிறேன். கை முந்திக்கொண்டு போகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு டிவியைத் தூக்கி வாசலில் வைத்திருப்பேன், கனமாக இருக்கிறது.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த வீடியோ விசயத்தை நீ எழுதியதைப் படித்ததிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குத் தனியாக எழுதலாம் என்று இருந்தேன். ஆனால் சண்டை என்னோடு, டிவியோடு இல்லை. என்ன மாற்றினாயோ அதைப் பழையபடி மாற்றுவது எப்படி என்று எழுது.

பால்குடம் நல்லபடியாக முடிந்ததா? கால் வலிக்கிறதா?

தனேஷ்


பிரிக்பீல்ட்ஸ்,
17 பிப்ரவரி 2025

அன்புள்ள தனேஷுக்கு,

பால்குடம் நல்லபடியாக முடிந்தது. கால் வலிக்கிறது.

உங்கள் டிவியை நான் கெடுக்கவில்லை. கடையில் இருந்த மாதிரியே இருக்கட்டும் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதைப் படித்ததும் எனக்குள் ஏதோ தட்டியது. கடையில் டிவியைப் பளிச்சென்று வைத்திருப்பது விற்பதற்காக. அந்த அமைப்பில் டிவி, வருகிற ஒவ்வொரு படத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, மெருகு போட்டு, நடுவில் இல்லாத படங்களைத் தானாகச் சேர்த்து, வழவழப்பாக்கி, அப்புறம்தான் காட்டும். சினிமா பார்த்தால் யாருக்கும் தெரியாது. விளையாட்டில் தெரியும். நீங்கள் பொத்தானை அழுத்துவது இப்போது, திரையில் நடப்பது கொஞ்சம் கழித்து. கண் சிமிட்டும் நேரம்தான். இறகுப்பந்துக்கு அது போதும்.

விளையாட்டுக்கென்றே இப்போது வருகிற டிவிகளில் ‘கேம் மோட்’ என்று ஒன்று இருக்கிறது. குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினவள், திரும்பி வந்து டேப்பை உரித்து அதைப் போட்டேன். ஒரு பக்கம் குழி விழுந்த அந்தச் சோபாவில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடினேன். பந்து வந்தது, வீசினேன், பட்டது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு ஆட்டம் ஆடினேன். எல்லாப் பந்தும் பட்டது.

இப்போது உங்களுக்கு ஏன் படவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் அந்தத் தாமதத்திலேயே ஆடி ஆடி, கை முன்கூட்டியே அழுத்தப் பழகிவிட்டது. உங்கள் கூட்டாளிகளுக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் ஆட்டம், அதனால் அந்தப் பழக்கம் அரைகுறைதான். நான் கணினியில் பழகியவள், நேரத்துக்கு அழுத்தினேன். டிவி தாமதமாகக் காட்டியது. நீங்கள் எனக்குப் பெயர் வைத்தீர்கள்.

டிவி எல்லாருக்கும் ஒரே டிவிதான் என்று எழுதினீர்கள். நான் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் உங்களைத் தவிர இதைச் சொன்னால் புரிகிற ஆள் எனக்கு யாரும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பழையபடி மாற்ற வேண்டுமானால் மெனு, படம், அமைப்பு என்று போய், மேலே முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. புது டேப் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

லோகேஸ்வரி


கிள்ளான்,
22 பிப்ரவரி 2025

அன்புள்ள லோகேஸ்,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு டிவி முன்னால் நின்றேன். நீ சொன்ன இடத்துக்குப் போய், பழைய அமைப்பைப் போட்டேன். பச்சைப் புல் வந்தது. ஓர் ஆட்டம் ஆடினேன், எல்லாப் பந்தையும் அடித்தேன். கேம் மோடுக்கு மாற்றினேன், எல்லாப் பந்தையும் விட்டேன். மாற்றி மாற்றிப் பார்த்தேன். நீ எழுதியது சரி. எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? யார் மேல் என்று தெரியாமல் செடியிடம் போய் நின்றேன். செடி துளிர்த்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும்.

கேம் மோடிலேயே விட்டுவிட்டேன்.

இன்றைக்குச் சாயங்காலம் கிஷனும் திருச்செல்வமும் வந்தார்கள். நான் தே தாரேக் ஆற்றிக்கொண்டு வருவதற்குள் கிஷன் பழையபடி மாற்றிவிட்டான். நான் மறுபடியும் மாற்றினேன். “எதுக்கு பாஸ், இப்படி இருந்தாத்தான எல்லாரும் ஜெயிக்கலாம்?” என்றான். “என் பெண்டாட்டி இப்படி இருந்ததாலதான் தோத்தா” என்றேன். இரண்டு பேரும் தேநீரைக் குடித்துவிட்டு நேரத்தோடு கிளம்பிப் போய்விட்டார்கள். அடுத்த சனிக்கிழமை வருவார்களா தெரியவில்லை.

அந்த வீடியோ. உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி போட்டேன் என்று எழுதியிருந்தாய். ஆமாம். நீயும் சிரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை, எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. கிஷன் என்னைப் படம் பிடித்தபோதுதான் அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. கன்சோலிலிருந்து அதை அழித்துவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். புவான் வீரம்மாவுக்காக இல்லை.

இவ்வளவும் எழுதியபிறகும் சொல்கிறேன், பெரிய டிவிதான் நல்லது. படம் வெளிறி இருந்தாலும் அதுதான் நல்லது. என்னால் பின்னறையில் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு குடித்தனம் நடத்த முடியாது. நாலாந்தேதி அந்த மேசைக்கு முன்னால் போய் உட்காருவதற்குள் ஒரு தடவை வா. ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் தேதி. யாரையும் கூப்பிடவில்லை. டிவி தயாராக இருக்கிறது. உன்னிடம் தோற்பதற்கு நானும் தயாராக இருக்கிறேன்.

உன்,
தனேஷ்


பிரிக்பீல்ட்ஸ்,
26 பிப்ரவரி 2025

அன்புள்ள தனேஷ்,

நேரத்தோடு கிடைக்க வேண்டும் என்று இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன். வீண் செலவு.

செடி துளிர்த்தது சந்தோசம். இனியாவது நான் சொல்வதை முதல் தடவையே கேட்டால் தேவலை.

நான் அங்கே வர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. அந்தக் கூடத்துக்குள் வந்தால் கிஷன் உட்காருகிற இடம், திருச்செல்வம் உட்காருகிற இடம் என்றுதான் இன்னும் எனக்குத் தெரிகிறது. குடம் எடுக்க வந்த அன்றைக்குக்கூட அவர்கள் யாரும் இல்லாதபோதுதான் என்னால் ஆட முடிந்தது.

நீங்கள் இங்கே வாருங்கள். இந்த நான்கு மாதத்தில் நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் வந்து பார்க்கவே இல்லை. அந்த வீட்டில் இருந்தபோதும் பின்னறைக்குள் வந்து ஒருநாளும் நீங்கள் உட்காரவில்லை. வாசலில் நின்று ‘பசியாறலாமா’ என்று கேட்பீர்கள், போய்விடுவீர்கள். கணினி முன்னால் ஒருத்தர்தான் உட்காரலாம் என்று முதல் கடிதத்தில் எழுதினீர்கள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டுப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். இலை நரம்பையும் உங்கள் கண்ணால் பார்க்கலாம். பார்த்தபிறகும் டிவிதான் நல்லது என்றால், நாலாந்தேதி புவானிடம் அந்தச் சண்டையை நேரிலேயே போடலாம்.

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து நடக்கிற தூரம்தான். உங்கள் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு வாருங்கள். அது என் கணினியிலும் வேலை செய்யும். நீங்கள் கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. கொஞ்சம் சந்தனம், குங்குமம் எடுத்து வந்தால் நல்லது. ஆயுத பூசைக்கு இன்னும் நாள் இருக்கிறது, பரவாயில்லை.

என் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது, அதை நான் தர மாட்டேன். அங்கே வீட்டு வாசலில் கிடக்கிற சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். ரயிலில் எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நீங்கள் தோற்பீர்கள். நான் சிரிக்க மாட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதைப் பார்க்க யாரையும் கூப்பிட மாட்டேன்.

லோகேஸ்